ஆக்டிவ் டைரக்டரியும் ஜிம்ப்ராவும்: கணக்குகளை எந்த வழியில் இணைப்பது?

நான் பராமரித்த ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவர் வேலையை விட்டுப் போனார். அன்று மாலையே, ஊழியர்களின் கணக்குகளையும் பாஸ்வேர்டுகளையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரியில் அவருடைய கணக்கை முடக்கினேன். அலுவலகக் கணினியில் நுழைய முடியாது, பகிர்வு ஃபோல்டர் திறக்காது, மெயிலிலும் பாஸ்வேர்டு ஏற்காது. வேலை முடிந்தது என்று நம்பினேன். மூன்று மாதம் கழித்து வேறு ஒரு காரணத்துக்காக மெயில் சர்வரின் பதிவுகளைப் பார்த்தபோதுதான், அவர் பெயருக்கு வரும் ஒவ்வொரு மெயிலும் அவருடைய சொந்த முகவரிக்குப் போய்க்கொண்டிருப்பது தெரிந்தது. வேலையில் இருந்த காலத்தில் அவரே வைத்துக்கொண்ட ஃபார்வர்டு அது. எடுக்க மறந்திருப்பார். எங்கள் மெயில் சர்வரான ஜிம்ப்ராவைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு நடப்பில் இருந்தது, வந்ததை அனுப்பியது. டைரக்டரியில் நான் செய்த மாற்றம் அதற்குத் தெரியவே இல்லை.

அந்த நிறுவனத்தில் அப்போது 430 பேர். விண்டோஸ் கணினிகளுக்கு ஆக்டிவ் டைரக்டரி. மெயில், காலண்டர், முகவரிப் புத்தகம் மூன்றுக்கும் ஜிம்ப்ரா. இந்த இரண்டையும் இணைக்க ஆறு வழிகளாவது இருக்கின்றன. புதுக் கணக்கு எவ்வளவு சுலபமாக உருவாகிறது என்ற ஒரே கேள்வியை வைத்துத்தான் பெரும்பாலும் அவற்றை எடைபோடுகிறார்கள். அந்த மூன்று மாதத்துக்குப் பிறகு நான் கேள்விகளின் வரிசையை மாற்றிக்கொண்டேன். ஒருவர் போகும்போது என்ன ஆகிறது? பெயரோ பதவியோ மாறும்போது என்ன ஆகிறது? புதியவர் வரும்போது என்ன ஆகிறது என்பதைக் கடைசியாகத்தான் கேட்கிறேன்.

இந்தச் சிக்கல் எல்லா குரூப்வேருக்கும் (மெயில், காலண்டர், முகவரிப் புத்தகம் எல்லாம் சேர்ந்த மென்பொருள்) ஒரே மாதிரி இல்லை. சோகோ என்ற திறமூல குரூப்வேர், எல்டேப் என்ற டைரக்டரி நெறிமுறை வழியாக, டைரக்டரியையே நேரடியாகப் பயனர் பட்டியலாகப் படித்துக்கொள்ளும். தனக்கென்று நகல் வைத்துக்கொள்ளாது. ஜிம்ப்ரா அப்படி இல்லை. அதன் வயிற்றுக்குள்ளேயே ஓப்பன்எல்டேப் என்ற தனி டைரக்டரி ஓடுகிறது. யாருக்கு எவ்வளவு இடம், எந்த மாற்றுப் பெயர், எங்கே ஃபார்வர்டு, கணக்கின் நிலை என்ன என்று எல்லாமே அங்கேதான் பதிவாகின்றன. ஆக ஒரே மனிதருக்கு இரண்டு டைரக்டரிகளில் இரண்டு பதிவுகள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்றால் யாராவது, அல்லது ஏதாவது, ஒன்றைப் பார்த்து மற்றொன்றைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

கையால் செய்வது முதல் வழி. ஆள் சேர்ந்தால் இரண்டு இடத்திலும் உருவாக்குவது, போனால் இரண்டு இடத்திலும் முடக்குவது. ஐம்பது பேருக்குள், ஒரே நிர்வாகி, ஒரு காகிதப் படிவம் என்றால் இது போதும். இதைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. அந்த நிர்வாகி விடுப்பில் போகும் வாரத்தில்தான் இதன் பலவீனம் தெரியும்.

பாஸ்வேர்டை மட்டும் இணைப்பது

பலர் "சிங்க் செய்துவிட்டோம்" என்று சொல்வது உண்மையில் இதைத்தான். ஜிம்ப்ராவில் கணக்கு தனியாகவே இருக்கும். லாகின் செய்யும்போது மட்டும் பாஸ்வேர்டை ஆக்டிவ் டைரக்டரியிடம் கொடுத்துச் சரிபார்க்கும். ஆக்டிவ் டைரக்டரி யாருடைய பாஸ்வேர்டையும், அதன் ஹேஷையும் (பாஸ்வேர்டை உருமாற்றிச் சேமித்த வடிவம்), எல்டேப் வழியாக வெளியே தராது. ஆகவே பாஸ்வேர்டை நகலெடுக்கும் பேச்சுக்கே இடமில்லை. ஒவ்வொரு முறையும் அங்கே போய்க் கேட்பதுதான் நேர்வழி. அரை மணி நேரத்தில் அமைத்துவிடலாம். பயனருக்கும் ஒரே பாஸ்வேர்டு நினைவிருந்தால் போதும். எல்டேப்பின் மறையாக்கப்பட்ட போர்ட்டான 636 வழியாக, சான்றிதழோடு அமைத்துவிடுங்கள். சாதாரணப் போர்ட்டான 389-இல் வெறுமனே விட்டால் எல்லாருடைய பாஸ்வேர்டும் நெட்வொர்க்கில் திறந்தபடி ஓடும்.

போகிறவர் விஷயத்தில் இந்த வழி தரும் பாதுகாப்பு அரைகுறை. மூன்று ஓட்டைகளை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

முதலாவது, மேலே சொன்ன ஃபார்வர்டு. மெயில் வந்து சேர்வதற்கும் பாஸ்வேர்டுக்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டாவது, ஏற்கெனவே லாகின் ஆகியிருக்கும் பிரவுசர். ஜிம்ப்ரா கொடுக்கும் லாகின் டோக்கனின் (மறுபடி பாஸ்வேர்டு கேட்காமல் உள்ளே விடும் சீட்டு) ஆயுள் இயல்பாக இரண்டு நாள். டைரக்டரியில் கணக்கை முடக்கிய பிறகும், வீட்டில் திறந்து வைத்த பிரவுசரில் அந்தப் பெட்டி இரண்டு நாள் வரை திறந்திருக்கலாம்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. வெளி டைரக்டரி பாஸ்வேர்டை மறுத்தால் ஜிம்ப்ராவின் சொந்தப் பாஸ்வேர்டைச் சரிபார்த்துக்கொள் என்று ஓர் அமைப்பு உண்டு. டொமைன் கன்ட்ரோலர் (ஆக்டிவ் டைரக்டரி ஓடும் சர்வர்) விழுந்துவிட்டால் மெயிலாவது ஓடட்டும் என்று நல்லெண்ணத்தோடு அதை இயக்கி வைப்பார்கள். ஆனால் டைரக்டரி பதிலே சொல்லாததையும் "இவர் முடக்கப்பட்டவர்" என்று சொல்வதையும் அந்த அமைப்பு ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். இணைப்பு வருவதற்கு முன் வைத்திருந்த பழைய பாஸ்வேர்டு ஜிம்ப்ராவில் மிச்சமிருந்தால், முடக்கப்பட்டவர் அதைத் தட்டி உள்ளே வந்துவிடுவார். இதை அணைத்து வையுங்கள். டொமைன் கன்ட்ரோலர் விழும் பயத்துக்கு மருந்து இன்னொரு டொமைன் கன்ட்ரோலர்தான்.

ஜிம்ப்ராவே கணக்கை உருவாக்கிக்கொள்வது

8.0 பதிப்பிலிருந்து ஜிம்ப்ராவில் தானியங்கிக் கணக்கு உருவாக்கம் இருக்கிறது. இதற்கு மூன்று முறைகள். ஒன்றில், நிர்வாகி டைரக்டரியில் தேடிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார். இன்னொன்றில், பயனர் முதல்முறை லாகின் செய்யும்போது கணக்கு பிறக்கும். மூன்றாவதில், சர்வரே குறிப்பிட்ட இடைவெளியில், இயல்பாகப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை, டைரக்டரியைப் பார்த்து, ஒரு தடவைக்கு இருபது பேர் என்று கணக்கு உருவாக்கிக்கொள்ளும்.

லாகின் செய்யும்போது உருவாகும் முறை கேட்க அழகாக இருக்கும், அலுவலக மெயிலுக்குப் பொருந்தாது. புதியவர் திங்கட்கிழமை சேர்கிறார். வெள்ளிக்கிழமையே அவருக்கு வரவேற்பு மெயில் போகிறது. அவர் லாகின் செய்யாததால் பெட்டியே இல்லை. மெயில் திரும்பி வருகிறது. அனுப்பியவர், முகவரி தவறு என்று முடிவுகட்டிவிடுவார். இடைவெளி வைத்துப் பார்க்கும் முறையைத்தான் நான் சிபாரிசு செய்வேன். சர்வர் அமைப்பில் எந்த டொமைனைப் பார்க்க வேண்டும் என்று தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும். அதை விட்டுவிட்டு, "எல்லாம் சரியாகத்தான் கொடுத்தேன், ஒன்றும் நடக்கவில்லை" என்று ஒரு நாள் முழுக்கத் தேடியவர்களை அறிவேன்.

இதில் ஒரு நுட்பமான பள்ளம் உண்டு. கடைசியாகப் பார்த்த நேரத்தை ஜிம்ப்ரா குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை அதற்குப் பிறகு டைரக்டரியில் உருவாக்கப்பட்ட பதிவுகளை மட்டுமே தேடும். மெயில் பயனர்கள் என்று ஒரு குழு வைத்து அதன்படி வடிகட்டுகிறீர்கள் என்று வையுங்கள். ஜனவரியில் பயிற்சியாளராகச் சேர்ந்தவருக்கு டைரக்டரியில் கணக்கு இருக்கிறது, மெயில் இல்லை. ஏப்ரலில் நிரந்தரமாகிறார், குழுவில் சேர்க்கிறீர்கள். ஜிம்ப்ரா அவரைக் கண்டுகொள்ளாது. அவருடைய பதிவு ஜனவரியிலேயே உருவானதாயிற்றே. அந்தக் கடைசி நேரக் குறிப்பை கிரான் (குறித்த நேரத்தில் கட்டளையை இயக்கும் வசதி) வழியாகத் தினமும் அழித்துவிட்டால் முழுப் பட்டியலையும் புதிதாகப் பார்க்கும். அழகான தீர்வில்லை, ஆனால் வேலை செய்கிறது.

இந்த வசதி கணக்கை உருவாக்குவதோடு நின்றுவிடும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பிறகு டைரக்டரியில் பதவி மாறினாலும், தொலைபேசி எண் மாறினாலும், ஆளே போனாலும் ஜிம்ப்ராவில் எதுவும் அசையாது. என் மூன்று கேள்விகளில் கடைசிக் கேள்விக்கு மட்டும் இது விடை.

நம் பெயர்கள் செய்யும் வேலை

எந்த வழியை எடுத்தாலும் வரும் சிக்கல் இது. தமிழ்ப் பெயர்களோடு வேலை செய்கிறவர்களுக்கு இன்னும் கூடுதலாக வரும்.

எல்டேப்பின் நபர் என்ற அடிப்படை வகையில் இரண்டு புலங்கள் கட்டாயம்: முழுப்பெயர், குடும்பப் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆக்டிவ் டைரக்டரி அந்தக் கட்டத்தைக் காலியாக விட அனுமதிக்கிறது, ஜிம்ப்ராவின் உள் டைரக்டரி அனுமதிக்காது. ஒன்றும் வராவிட்டால் பயனர்பெயரையே குடும்பப் பெயராக நிரப்பிவிடும். இதனால் முகவரிப் புத்தகத்தில் பாதிப் பேருக்கு இனிஷியலும், மீதிப் பேருக்கு மெயில் பெயரும் குடும்பப் பெயராக நிற்கும். அகரவரிசை குலைந்து போகும். இனிஷியல் எந்தப் புலத்தில் போகும், திரையில் முன்னால் வருமா பின்னால் வருமா என்பதை முதல் கணக்கை இணைப்பதற்கு முன்பே எழுதி வைத்து, மனிதவளப் பிரிவிடம் ஒப்புதல் வாங்குங்கள்.

நீளமும் ஒரு தொல்லை. ஆக்டிவ் டைரக்டரியின் பழைய பாணிப் பயனர்பெயருக்கு 20 எழுத்துதான் எல்லை. மீனாட்சிசுந்தரேஸ்வரன் என்று ஆங்கிலத்தில் எழுதினால் 22 எழுத்து, இனிஷியலைச் சேர்க்காமலே. அதை வெட்டித்தான் டைரக்டரியில் வைத்திருப்பார்கள். அதையே மெயில் முகவரியாக எடுத்தால் அந்த மனிதரின் பெயர் வெட்டுப்பட்டு ஊர் முழுக்கப் போகும். மெயில் முகவரிக்கு டைரக்டரியில் உள்ள மெயில் புலத்தையே எடுங்கள்.

இவற்றைவிடப் பெரியது பெயர் மாற்றம். திருமணத்துக்குப் பிறகு அப்பாவின் இனிஷியல் போய்க் கணவரின் இனிஷியல் வருவது நம் ஊரில் சாதாரணம். முகவரியை வைத்து இரண்டு பக்கப் பதிவுகளையும் பொருத்தினால், பழைய முகவரிக்காரர் போய்விட்டார், புதிதாக ஒருவர் வந்திருக்கிறார் என்று சிங்க் முடிவு செய்யும். பத்து வருட மெயில் இருந்த பெட்டி பூட்டப்படும், காலிப் பெட்டி ஒன்று பிறக்கும். நேர்ந்தவர்களுக்குத்தான் அந்த அதிர்ச்சி தெரியும். ஆக்டிவ் டைரக்டரி ஒவ்வொரு பதிவுக்கும் பிறப்பிலேயே கொடுக்கும் ஓர் அடையாளம் உண்டு. ஆப்ஜெக்ட் ஜியுஐடி என்பார்கள், 16 பைட். பெயர் மாறினாலும், துறை மாறினாலும் அது மாறாது. அதை ஜிம்ப்ரா கணக்கில் பயன்படாத ஒரு புலத்தில் எழுதி வைத்து, அதை வைத்தே பொருத்துங்கள். அப்போது பெயர் மாற்றம் பெயர் மாற்றமாகவே தெரியும். ஜிம்ப்ராவில் கணக்கின் பெயரை மாற்றினாலும் பெட்டி அப்படியே இருக்கும். பழைய முகவரியை மாற்றுப் பெயராகச் சேர்த்துவிட்டால் மெயிலும் தவறாது.

சொந்த ஸ்கிரிப்ட்

மாற்றத்தையும் விலகலையும் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு பட்டியலையும் ஒப்பிடும் ஏதோ ஒன்று வேண்டும். நான் பைத்தானில் எழுதினேன். இரவு இரண்டு மணிக்கு ஓடும். டைரக்டரியிலிருந்து ஒரு பட்டியல், ஜிம்ப்ராவிலிருந்து ஒரு பட்டியல், ஜியுஐடி வைத்துப் பொருத்தி வேறுபாட்டைத் திருத்தும். நானூறு வரிக்குள் அடங்கியது.

ஆக்டிவ் டைரக்டரி ஒரு தேடலுக்கு இயல்பாக 1000 பதிவுகளுக்கு மேல் தராது. பக்கம் பக்கமாகக் கேட்க வேண்டும். முடக்கப்பட்டவர்களைக் கண்டுபிடிக்க, கணக்கின் நிலையைச் சொல்லும் எண் 514-ஆ என்று மட்டும் பார்த்தால் தவறிவிடும். பாஸ்வேர்டு காலாவதி ஆகாது என்று குறி வைத்த கணக்கை முடக்கினால் அந்த எண் 66050 ஆகும். அந்த எண்ணை பிட்களாகப் பிரித்து, முடக்கத்தைக் குறிக்கும் 2 என்ற மதிப்புள்ள பிட் அதில் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். கணக்குகளை உருவாக்கவும் மாற்றவும் உதவும் ஜிம்ப்ராவின் ஜெட்எம்ப்ரோவ் கட்டளையை ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாக அழைத்தால், ஒவ்வொரு முறையும் ஜாவா எழுந்திருக்க நொடிகள் பிடிக்கும். எல்லா மாற்றங்களையும் ஒரே கோப்பில் எழுதி ஒரே அமர்வில் ஊட்டினால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும்.

கிளை அலுவலகம் இருந்தால் இன்னொன்று. ஆக்டிவ் டைரக்டரியில் இரண்டு தளங்களுக்கிடையே நகலாகும் இடைவெளி இயல்பாக 180 நிமிடம். கிளையில் முடக்கிய கணக்கு தலைமையகத்து டொமைன் கன்ட்ரோலருக்குத் தெரிய மூன்று மணி நேரம் வரை ஆகலாம். ஒருவரை உடனே வெளியேற்ற வேண்டிய சூழலில் இரவு இரண்டு மணிக்காகக் காத்திருக்க முடியாது. கையால் இயக்க ஒரு தனிக் கட்டளையும் வைத்திருந்தேன்.

இந்த ஸ்கிரிப்ட்தான் ஒரு நாள் காலை 430 பேரையும் பூட்டியது. டைரக்டரியை ஒழுங்குபடுத்துவதாக நினைத்து, மெயில் பயனர்கள் குழுவை டைரக்டரிக்குள்ளேயே வேறு இடத்துக்கு நகர்த்தியிருந்தார்கள். என் வடிகட்டியில், டைரக்டரிக்குள் குழு இருக்கும் இடத்தைச் சொல்லும் பழைய முழுமுகவரி இருந்தது. தேடலைத் தொடங்கும் இடமே இல்லாமல் போயிருந்தால் எல்டேப் பிழை சொல்லியிருக்கும். வடிகட்டிக்குள் இருக்கும் முகவரி செல்லாமல் போனால் பிழை வராது. "வெற்றி, பூஜ்யம் பதிவுகள்" என்று பதில் வரும். எல்லோரும் போய்விட்டார்கள் என்று ஸ்கிரிப்ட் புரிந்துகொண்டது. பூட்டத்தான் செய்திருந்தேன், அழிக்கவில்லை. அதனால் காலை ஒன்பதரைக்குள் எல்லாவற்றையும் திறக்க முடிந்தது. அழிக்கும்படி எழுதியிருந்தால் அன்று முழுக்கப் பேக்கப்பிலிருந்து மீட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

அன்றிலிருந்து ஒரே ஓட்டத்தில் ஐந்து பேருக்கு மேல் பூட்ட வேண்டி வந்தால் ஸ்கிரிப்ட் எதையும் செய்யாமல் நின்று எனக்கு மெயில் அனுப்பும். பெரிய கருவிகளும் இந்த எச்சரிக்கையை வைத்திருக்கின்றன. ஆக்டிவ் டைரக்டரியை மைக்ரோசாஃப்டின் கிளவுடோடு இணைக்கும் என்ட்ரா கனெக்ட் இயல்பாக 500 பதிவுகளுக்கு மேல் நீக்கம் வந்தால் நிறுத்திக்கொள்ளும். கூகுளின் டைரக்டரி சிங்க் கருவி சதவீதக் கணக்கில், 5 சதவீதத்தில் நிறுத்தும். 430 பேர் உள்ள நிறுவனத்தில் 500 என்ற எல்லை ஒருபோதும் தொடப்படாது. மொத்தப் பேரும் போனாலும் மணி அடிக்காது. கருவி எதுவானாலும் அந்த எண்ணை உங்கள் ஆள்பலத்துக்கு ஏற்ப மாற்றுங்கள்.

எல்எஸ்சி, மற்றவை

எல்டேப் சிங்க்ரனைசேஷன் கனெக்டர், சுருக்கமாக எல்எஸ்சி, ஜாவாவில் எழுதப்பட்ட திறமூலக் கருவி. எந்தப் புலத்தை வைத்துப் பொருத்துவது, எந்த நிபந்தனையில் உருவாக்குவது, எப்போது திருத்துவது, எப்போது நீக்குவது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக அமைப்புக் கோப்பில் எழுதலாம். எதையும் மாற்றாமல் என்ன நடக்கும் என்று மட்டும் காட்டும் வெள்ளோட்டமும் உண்டு. டைரக்டரி மட்டுமல்ல, மனிதவளப் பிரிவின் தரவுத்தளத்தையும் மூலமாகக் கொள்ள முடியும் என்பதுதான் இதன் பெரிய பலம்.

இதை ஜிம்ப்ராவின் உள் டைரக்டரியில் நேரடியாக எழுத விடக் கூடாது. கணக்கு உருவாக்கும்போது ஜிம்ப்ரா தானாக நிரப்பும் புலங்கள் பல. அவை விடுபட்டுப் போகும். ஓடிக்கொண்டிருக்கும் மெயில் சேவை பழைய தகவலை நினைவில் வைத்திருப்பதால் மாற்றம் உடனே தெரியவும் தெரியாது. வெளிக் கட்டளையை இயக்கும் இணைப்பு எல்எஸ்சிக்கு இருக்கிறது. அதன் வழியாக ஜெட்எம்ப்ரோவை அழைக்க வைப்பதுதான் முறை. கற்றுக்கொள்ள ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அடுத்து வரும் நிர்வாகிக்கு, ஒருவர் தன் மனப்போக்கில் எழுதிய ஸ்கிரிப்டைவிட ஆவணங்கள் உள்ள கருவி நல்லது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

ஒற்றை லாகின் (ஒரு முறை நுழைந்தால் எல்லாச் சேவைகளும் திறக்கும் முறை) வைத்தால் சிங்க் தேவையில்லை என்று சிலர் சொல்வார்கள். ஒற்றை லாகின், வாசலில் நிற்பவர் யார் என்று சொல்லும். போனவரின் பெட்டியை என்ன செய்வது என்று சொல்லாது. மேலே சொன்ன ஃபார்வர்டு கதை அதிலும் அப்படியே நடக்கும். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஸ்கிம் என்ற நெறிமுறை வந்தது, அதன் 2.0 பதிப்பு 2015-இல் மூன்று ஆர்எஃப்சிகளாக (இணைய நெறிமுறை ஆவணங்கள்) வெளியானது. கணக்கை உருவாக்கு, திருத்து, முடக்கு என்று ஒரு சேவை இன்னொரு சேவைக்கு எச்டிடிபி வழியாகச் சொல்லும் முறை அது. மெயில் ஏற்கெனவே கிளவுடில் இருந்தால் இந்தப் பக்கம் போங்கள். நம் சொந்த சர்வரில் ஓடும் ஜிம்ப்ராவுக்கு இதைக் கொண்டுவருவது வேலைக்கு மீறிய பாரம்.

நான் எதை எடுப்பேன்

நூறிலிருந்து ஆயிரம் பேர் வரை, ஒரே ஆக்டிவ் டைரக்டரி என்றால்: பாஸ்வேர்டு டைரக்டரியிடம், உள்ளூர்ப் பாஸ்வேர்டுக்குத் திரும்பும் வசதி அணைப்பு, கணக்கு உருவாக்கம் ஜிம்ப்ராவின் இடைவெளி முறையில், திருத்தமும் விலகலும் இரவு ஸ்கிரிப்டில். இந்தக் கலவையைத்தான் இன்றும் ஓட்டுகிறேன். உருவாக்கத்தையும் ஸ்கிரிப்டிலேயே செய்யலாம். ஆனால் புதியவருக்குப் பதினைந்து நிமிடத்தில் பெட்டி கிடைப்பது எல்லோருக்கும் நிம்மதி. இரண்டு மூன்று டைரக்டரிகள், அல்லது மனிதவளத் தரவுத்தளமே மூலம் என்றால் தயங்காமல் எல்எஸ்சி.

எந்த வழியிலும், விலகியவரின் கணக்கைத் தானாக அழிக்க விடாதீர்கள். ஜிம்ப்ராவில் பூட்டிய நிலை என்றால் லாகின் முடியாது, மெயில் மட்டும் வந்து சேரும். மூடிய நிலை என்றால் மெயிலும் திரும்பிப் போகும். நாங்கள் முதலில் பூட்டுகிறோம். அதே ஓட்டத்தில் ஃபார்வர்டையும், மெயிலை வெளியே திருப்பும் ஃபில்டர்களையும் எடுக்கிறோம். 90 நாள் கழித்து, துறைத் தலைவர் தேவையானதை எடுத்துக்கொண்ட பிறகு, மூடுகிறோம். அழிப்பது கையால், இரண்டு பேர் கையெழுத்தோடு.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிப்பதற்கு முன்பே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. எந்தக் கருவியும் வேண்டாம். டைரக்டரியில் முடக்கப்பட்ட கணக்குகளின் பட்டியலை எடுங்கள். ஜிம்ப்ராவில் நடப்பில் உள்ள கணக்குகளை, ஃபார்வர்டு முகவரியோடு எடுங்கள். இரண்டிலும் இருக்கும் பெயர்களைக் குறியுங்கள். நான் அன்று அதைச் செய்தபோது பதினேழு பெயர்கள் வந்தன. நாலு பேருக்கு ஃபார்வர்டு இருந்தது.